அரை அரிசி அளவு இரும்பு

இன்று காலை, பொட்டலமாகச் சுற்றியிருந்த உன் பழைய லோஞ்சிக் கைலியை அவிழ்த்தேன். தையல் மெஷின் எண்ணெயும் கிராம்பும் கலந்த வாசனை அறை முழுக்க எழுந்தது. மழைக்காலத்தில் ரங்கூனில் எல்லாவற்றுக்கும் பூஞ்சை பிடிக்கிறது. செருப்புக்குப் பிடிக்கிறது, வேதாகமத்துக்குப் பிடிக்கிறது. போன வருடப் புயலில் கூரைத் தகரத்தைப் பறிகொடுத்துவிட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே குடியிருக்கும் எனக்கும் கொஞ்சம் பிடித்திருக்கலாம். உன் துப்பாக்கிக்கு மட்டும் பிடிக்கவில்லை. துணியின் ஒவ்வொரு சுற்றிலும் நாலு நாலு கிராம்பு வைத்து, பட்டுச்சேலையைப் பெட்டியில் வைப்பதுபோல் நீயே சுற்றிக் கொடுத்தது. ஏழு வருடமாக என் பீரோவின்மேல் கிடந்தது.

உன்னை நினைத்து அவிழ்த்தேன் என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். விற்பதற்காக அவிழ்த்தேன்.

வாங்க வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தமிழும் பர்மியமும் பாதிக்குப் பாதி கலந்து பேசினார். என்னை 'சயா', அதாவது வாத்தியாரய்யா, என்று கூப்பிட்டார். இடுப்பில் ஒரு கைபேசி. அது அடிக்கவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துப்பாக்கியைத் தூக்கி, குழாயை மடித்து, நிமிர்த்தி, கண்ணருகே வைத்து என் சுவர்க் காலண்டரைக் குறி பார்த்தார்.

"சீனாச் சரக்குதானே சயா?"

"ஆமாம்."

"இதுல ஏதாச்சும் மாத்தியிருக்கா? ஸ்பிரிங், டிரிகர், மூக்கு, ஏதாச்சும்?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நான் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்கும்வரை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஓடியதைத்தான் உனக்கு எழுதுகிறேன். பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். அது உனக்குத் தெரியாது.

நீ அதை வாங்கியபோது உன் வலக்கையில் மூன்று விரல்தான் இருந்தன. போட்டாதாங் துறையில் கப்பலிலிருந்து மூட்டைக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பாரம் இறக்கும் வின்ச் பிடித்திருந்தவனுக்கு ஒரு கண்ணில் புரை. சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். அவன் மறைத்த புரை உன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. துறை உன்னை வீட்டுக்கு அனுப்பியது. வின்ச் பிடித்தவனை மேலும் ஆறு மாதம் வைத்துக்கொண்டது. அவனுக்கு விரல்கள் முழுதாக இருந்தன அல்லவா.

உன் இடக்கைக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது. பயாத் திருவிழாக்களில், புத்தர் கோயில் மைதானங்களில், துப்பாக்கி சுடும் கடை போடலாம் என்று நீதான் கண்டுபிடித்தாய். எல்லை வழியாக வந்த காற்றுத் துப்பாக்கிகளில் இருந்ததிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தாய். கட்டை, பழப்பெட்டி மரம். அதன்மேல் டீ நிறத்தில் வார்னிஷ். குழாயில் பொறித்திருந்த எண்கள் நடுக்கத்தோடு எழுதியவை போல ஏறி இறங்கியிருந்தன. விசையை இழுக்கக் கிணற்று வாளி இழுக்கிற பலம் வேண்டும். வார்டு ஆபீஸ் பதிவேட்டில் அதை 'விளையாட்டுச் சாமான், ஒன்று' என்று எழுதிக்கொண்டார்கள். திருவிழா நாட்களில் மட்டும் வெளியே எடுக்கலாம், மற்ற நாளில் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைகூடப் போகக் கூடாது.

ஆனால் அது அடித்தது. சாக்குத் திரைக்கு முன்னால் ஒரு பலகை, பலகைமேல் நிற்க வைத்த பத்து சிகரெட். குறி வைத்த சிகரெட் விழுந்தது. வெயிலிலும் மழையிலும், எவன் கையிலும், வருடம் முழுக்க விழுந்தது. எட்டு விழுந்தால் ஒரு டின்பால் பரிசு. "அடிச்சா அடிச்ச எடத்துல படணும் மச்சான். மத்ததெல்லாம் அப்புறம்" என்பாய். சுற்றியிருந்த எதுவும் சொன்ன இடத்தில் படாத காலம் அது. பஸ் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. பல்கலைக்கழகம் திறப்பேன் என்ற நாளில் திறக்கவில்லை. நான் வேலை பார்த்த அச்சகத்தில் நாங்கள் அடித்த காலண்டரே பௌர்ணமியை ஒரு நாள் தள்ளிப் போட்டது. அதன் மெய்ப்பைத் திருத்தியவன் நான்.

நான் படித்தவன் என்று உனக்கு ஓர் எண்ணம். மிஷன் பள்ளிக்கூடம், குமாஸ்தா குடும்பம், பழைய புத்தகக் கடைகளின் நிரந்தர வாடிக்கையாளன். அப்படி ஒரு கடையில் அட்டை கிழிந்த வெளிநாட்டுத் துப்பாக்கிப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. உடனே நான் துப்பாக்கி நிபுணன் ஆகிவிட்டேன். விசையை இளக்கலாம், ஸ்பிரிங்கைப் பலமானதாக மாற்றலாம், மேலே தூரக்கண்ணாடி வைக்கலாம், கட்டையைக் கன்னத்துக்குத் தோதாகச் செதுக்கலாம் என்று ஒரு தாள் நிறைய எழுதி வந்து உன்னிடம் வாசித்தேன்.

நீ முழுக்கக் கேட்டாய். பிறகு துப்பாக்கியை என் மடியில் வைத்தாய்.

"இதுல எது சரியில்லைன்னு சொல்லு, மாத்திருவோம்."

 பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை.

மாரி வருடத்துக்கு ஒருமுறை, மாசி பங்குனியில் வரும் தபாங் திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் வருவான். உன் விரல் போன அதே துறையில் வின்ச் பிடித்துக்கொண்டிருந்தான். உன் கைமேல் கட்டு இறங்கிய அன்று அவன் கீழே உன் பக்கத்தில் நின்றவன். பின்னால் மேலே ஏறி வின்ச்சில் உட்கார்ந்ததும் தானாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டான். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தேய்த்த சட்டை போட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு உன் கடைக்கு வருவான். பத்து குண்டு. "இந்த வருஷத்துக்குக் கண்ணு பாஸான்னு பார்ப்போம் கோஜீ" என்பான். உன்னை எல்லோரும் பெரியண்ணன் என்ற பொருளில் கோஜீ என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை நான் அவனிடம், கண் மருத்துவரிடம் போகலாமே என்றேன்.

"கண்ணாடிக் கடையிலதான் சயா அவுங்க உக்காந்திருக்காங்க. கண்ணாடி விக்கிறவன் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லுவானா? இதுக்கு என்ன விக்கணும்? இது நெசத்தைச் சொல்லும்." துப்பாக்கியின் கட்டையைத் தட்டினான். "கீழ ஆள் நிக்கிறான் சயா. எனக்குச் சந்தேகம் வந்துட்டா அன்னைக்கே எறங்கிருவேன்."

ஒன்பது விழும். பத்து விழும். டின்பாலை மனைவி வாங்கிக்கொள்வாள். அவன் பலகையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இன்னொரு வருடத்துக்கு வின்ச் பிடிக்கப் போவான்.

உன் கடைக்கு நேர்ந்த கேடு, அது ஒழுங்காக இருந்ததுதான். மற்ற சுடும் கடைக்காரர்கள் ஒவ்வொரு குழாயையும் முழங்காலில் வைத்து வளைத்திருந்தார்கள். உன் கடையில் ஜெயித்துவிட்டு அங்கே போன ஆட்கள், அங்கே ஏன் விழவில்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் உரக்கக் கேட்டான். கேட்டது மைதானத்தில் இடம் ஒதுக்குகிறவரின் காதில் விழுந்தது.

அவர் உன் கடைக்கு வந்த பகலில் நானும் இருந்தேன். பிரம்பு நாற்காலியைத் தன் ஆளிடம் கொடுத்துத் தூக்கிவரச் சொல்லி அதில் உட்கார்ந்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்ப உன் பரிசுத் தட்டிலிருந்தே ஒரு டின்பாலை எடுத்து, தன் ஆளிடம் நீட்டித் திறக்கச் சொன்னார். அவன் ஓட்டை போட்டுப் பாலைக் கீழே கொட்டிவிட்டு டின்னைக் கொடுத்தான். எறும்புகள் வந்துகொண்டிருக்க, பர்மியத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உன் துப்பாக்கியில ஒரு கோளாறு இருக்காமே."

"என்ன கோளாறு ஐயா? சொல்லுங்க, மாத்திருவோம்" என்றாய் நீ.

"அடிக்குது. அதான் கோளாறு."

அவருடைய ஆள் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மற்றவர்களெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி இருக்கும்போது ஒருவன் மட்டும் தனியாக நிற்பது நல்லதில்லை என்றார். நீயும் கலாதான், இந்தியாவிலிருந்து வந்த கூட்டம்தான், அவர்களிலும் பாதிப்பேர் கலாதான், உங்களுக்குள் ஏன் சண்டை என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். தபாங்குக்குள் துப்பாக்கி மற்றவை மாதிரி ஆகிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மைதானத்திலும், அவர் கைநீளும் மாவ்பி, த்வாண்டே மைதானங்களிலும் உனக்கு இடமிருக்காது. கடைசியில் "கெய்ஸா மஷிபூ" என்றார், ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று. டின்னில் துப்பிவிட்டு அதை உன் பலகைமேலேயே, சிகரெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த டின்னை நான்தான் எடுத்துப்போய்க் குப்பையில் எறிந்தேன். எறிந்தேன் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்து நான் செய்ததைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

துறைமுகச் சாலை டீக்கடையில், முழங்கால் உயர முக்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கடையை விட்டுவிட்டால் உனக்கு வேறு பிழைப்பு இல்லை. வளைத்தால் கடை இருக்கும், நீ இருக்கமாட்டாய். அது உன் முகத்தில் தெரிந்தது.

"என்ன மச்சான் சொல்றே?"

"வளைக்காதே. வளைக்கிறது அசிங்கம்."

"அப்ப கடையை மூடிரவா?"

"அதுவும் வேணாம். மூக்கை மட்டும் இடப்பக்கமா ஒரு துளி தேய்ப்போம். குழாய் முனையில குறி பார்க்க நிக்குதே, அந்தக் குச்சி. அதுல அரை அரிசி போதும். சிகரெட்டை ஒட்டினாப்ல இடப்பக்கம் போயிரும் குண்டு."

"இது மட்டும் அசிங்கமில்லையா?"

இதற்குத்தான் நான் அத்தனை புத்தகங்கள் படித்திருந்தேன். மாறி மாறிப் பொய் சொன்னால்தான் மோசடி, ஒரே மாதிரி, ஒரே அளவில் தவறினால் அது அந்தப் பொருளின் குணம் என்றேன். கவனமுள்ளவன் இரண்டு குண்டில் கண்டுபிடித்து மூன்றாவதை வலப்பக்கம் தள்ளிக் குறி வைப்பான், ஆக இது ஏமாற்று அல்ல, திறமைக்கான தேர்வு என்றேன். விளையாட்டின் தரமே உயர்கிறது என்றும் சொன்னதாக நினைவு. பக்கத்து முக்காலியில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். இன்று யாராவது என் முன்னால் உட்கார்ந்து அதே குரலில் அதையே பேசினால் எழுந்து போய்விடுவேன்.

பின்னால் சாக்குத் திரை தொங்குகிறது, குண்டு எங்கே பட்டது என்று சுடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பான் என்று நீ கேட்கவில்லை. உனக்குத் தோன்றியது வேறு.

"மாரி வருவானே."

"அவன் காதுல மட்டும் சொல்லிருவோம்."

நீ டீயைத் தட்டில் ஊற்றி ஆறவிட்டாய். ஆடை படிந்தது. குடிக்கவில்லை.

"நீ படிச்சவன்" என்றாய்.

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அச்சகத்தில் ஈய எழுத்துகளின் பிசிறைத் தேய்க்கிற மெல்லிய அரம் ஒன்று என் மேஜையில் இருக்கும். அந்தத் திருவிழா முடிவதற்குள்ளேயே அதைக் கொண்டுதான் தேய்த்தேன். உன் வலக்கையில் அரம் நிற்காது, இடக்கை பழகாது. நீ துப்பாக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, காயப்போட்டிருந்த காலண்டர் தாள்களைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் ரசித்துச் செய்தேன். அரத்தின் கோடு தெரியாமல் இருக்க மணல்தாளால் இழைத்து, மேலே அச்சு மையால் ஒரு பூச்சும் கொடுத்தேன். முப்பது வருடம் பிறர் பிழைகளைத் திருத்தியவனுக்குச் சொந்தமாக ஒரு பிழை செய்யக் கிடைத்த வாய்ப்பு. வீணாக்கவில்லை.

தபாங் முதல் நாள் சாயங்காலம் மாரி வந்தான். தேய்த்த சட்டை, எண்ணெய்த் தலை, பின்னால் மனைவி. பிரம்பு நாற்காலியும் அதன் மேலிருந்தவரும் அன்று பிற்பகலிலிருந்தே நம் கடை ஓரத்தில் இருந்தார்கள். மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார். காதில் சொல்வதென்றால் அவருடைய காதையும் தாண்டித்தான் சொல்ல வேண்டும்.

முதல் குண்டு. சிகரெட் நின்றது. மாரி குழாயைப் பார்க்கவில்லை. தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டான். இரண்டாவது, மூன்றாவது. மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் கண்ணைக் கழுவினான். நாலாவதுக்கு மூச்சை அடக்கி நெடுநேரம் குறி பார்த்தான். கை துளிகூட ஆடவில்லை. எவ்வளவு சரியாகக் குறி வைத்தானோ அவ்வளவு சரியாகத் தவறியது. ஏழாவதில் ஒன்று விழுந்தது, அது பக்கத்துச் சிகரெட்.

"இந்த வருஷம் கண்ணுக்கு வயசாயிருச்சுபோல" என்றார் நாற்காலிக்காரர், டின்னில் துப்பிக்கொண்டே.

நீ வாயைத் திறந்தாய். "மாரி, இங்க பாரு..." என்று தொடங்கினாய். நான் உன் காலை மிதித்தேன். செருப்புக் காலோடு, அழுத்தி மிதித்தேன். இதை நாம் இருவரும் அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

நீ பேச்சை மாற்றினாய். "இன்னொரு பத்து சுடு. சும்மா சுடு."

"வேணாம் கோஜீ." துப்பாக்கியை இரண்டு கையாலும் பதனமாகத் திருப்பிக் கொடுத்தான். "அது சொல்லிருச்சு."

போகும்போது பலகையைப் பார்த்துக் கும்பிட்டான். வழக்கம்போல.

மறுநாள் காலை அவன் மேஸ்திரியிடம் போய் இனி வின்ச் பிடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்ற செய்தி நமக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கீழே ஆள் நிற்கிறான் என்று மட்டும் சொன்னானாம். கிட்டங்கியில் தரை கூட்டும் வேலை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கூட்டினான். மேலே இன்னொருவன் வின்ச் பிடிப்பதைக் கீழேயிருந்து பார்க்க முடியாமல் மனைவியோடு த்வாண்டேயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். துறையிலேயே நல்ல கண் அவனுடையது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருந்தபோது சொன்னதாக ஞாபகமில்லை.

நீ போய்ச் சொல்வது என்று முடிவெடுத்தாய். நானும் படகுத்துறைவரை வந்தேன். இரண்டு பேர் போனால் பஞ்சாயத்து மாதிரி இருக்கும், நீ மட்டும் போய்ப் பேசினால் மனசுவிட்டுப் பேசலாம் என்று நான்தான் சொன்னேன். இன்னொரு அருமையான வாதம். நீ படகேறி அக்கரை போனாய். துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்ட வழியில்லை. நான் துறைமுனை டீக்கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன், மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், பழைய பத்திரிகை ஒன்றைப் படித்து முடித்தேன்.

பொழுது சாயும்போது வந்தாய்.

"நம்பல மச்சான்."

"என்ன சொன்னே?"

"மூக்கைத் தேய்ச்சிருக்குன்னு சொன்னேன்."

"யார் தேய்ச்சதுன்னு?"

"நான்தான்னு சொன்னேன்."

எனக்குள் ஏதோ இளகி உட்கார்ந்தது. நிம்மதி என்று அதற்குப் பெயர். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"சிரிச்சான்" என்றாய். "கோஜீ, நீங்க நல்லவரு, என் மனசு நோகக் கூடாதுன்னு அந்தத் துப்பாக்கி மேல பழி போடாதீங்க, அது பாவம்னான்."

மூக்கைப் புதிதாகப் பற்றவைத்துவிடலாம், போட்டாதாங்கில் நல்ல வெல்டர் இருக்கிறான் என்றேன். நீ என்னை முதல்முறையாகக் கோபமாகப் பார்த்தாய்.

"தொடக் கூடாது. அது ஒண்ணுதான் இருக்கு அவன் கண்ணு நல்லாயிருந்துச்சுன்னு சொல்ல. அதையும் திருத்திட்டா? ஒருநாள் அவனே வருவான். வலப்பக்கம் தள்ளிக் குறி வைக்கச் சொல்லுவேன். பத்தும் விழும்."

துப்பாக்கியைச் சுற்றி வைத்துவிட்டு வளையம் எறியும் கடை போட்டாய். உன் வளையங்கள் புட்டிக் கழுத்தில் ஒழுங்காக விழுந்தன. அடுத்த வருடமே நாற்காலிக்காரர் வந்து, வளையம் கொஞ்சம் பெரிதாக இருப்பதாகச் சொன்னார். நீ கடையை அன்றே கட்டினாய். கடைசிவரை துறை வாசலில் அவித்த கடலை விற்றாய். மாரி வரவில்லை. கல்லீரல் வீங்கிப் படுத்திருந்தபோது துப்பாக்கியை என்னிடம் கொடுத்து, "விக்காதே, வருவான்" என்றாய். சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

ஆகவே இன்று காலை, டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உன்னுடைய பொருளைப் பற்றியாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அந்த ஆளிடம் சொன்னேன்.

"மூக்கில் இடப்பக்கம் தேய்த்திருக்கிறது. சிகரெட் அளவுக்கு இடப்பக்கம் அடிக்கும். நேராக அடிக்காது."

வேண்டாம் என்று எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. வாசலுக்கு ஓடி, வெளிச்சத்தில் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடடா, தேய்ச்சதே தெரியலையே! யாரு சயா செஞ்சது? எங்க திருவிழாக் கடையில குழாயை வளைக்கிறோம், ரெண்டு மாசத்துல ஜனங்க கண்டுபிடிச்சிர்றாங்க. இது நல்ல கை சயா. எங்கிட்ட இன்னும் நாலு இருக்கு. அவரு செஞ்சு குடுப்பாரா?"

மெய்ப்புத் திருத்துபவன் வேலையை யாரும் பாராட்டியதில்லை. பிழை இருந்தால் திட்டுவார்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். என் வாழ்நாளில் கிடைத்த முதல் பாராட்டு இது. நாளை வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் டீயைப் பாதி குடித்து வைத்திருந்தார். அதை ஊற்றிவிட்டுக் கோப்பையை இரண்டுமுறை கழுவினேன்.

பிறகு ஓர் ஆணியை வைத்துத் தட்டி மூக்கை மட்டும் கழற்றினேன். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு படகேறினேன். பதின்மூன்று வருடம் தாமதமாக.

மாரி த்வாண்டேயில் மகளுடைய பானைக் களத்தில் உட்கார்ந்திருந்தான். சுட்டு எடுத்த பானைகளை வரிசையாக அவன் முன் வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, விரிசல் உள்ளதை இடப்பக்கம் ஒதுக்குகிறான். இரண்டு கண்ணிலும் வெள்ளை.

"பிரஸ் சயா வந்திருக்கேன்" என்றேன். "கோஜீயோட கூட்டாளி."

"அட, வாங்க சயா. கோஜீ போயிட்டாருன்னு ரொம்பப் பிந்தித்தான் கேள்விப்பட்டேன். வரத்தான் முடியல." தன் கண்ணைக் காட்டினான். "இப்பத்தான் ரெண்டு வருஷமா. துப்பாக்கி அன்னைக்கே சொல்லிருச்சு பாருங்க. நல்ல துப்பாக்கி."

நான் வரும் வழியெல்லாம் தயாரித்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதைப் பேசவில்லை. மூக்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். என்னவென்று சொன்னேன்.

அவன் கட்டைவிரலால் தடவினான். வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். 

"இடது தேஞ்சிருக்கு" என்றான். நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "இல்ல. தேச்சிருக்கு" என்றான்.

"கோஜீ வந்து சொன்னாரே."

"சொன்னாரு. அந்தக் கைய வச்சுக்கிட்டு சொன்னாரு சயா. தீக்குச்சி கிழிக்க முடியாது அவரால. அவரு அரம் பிடிச்சு இரும்பைத் தேச்சாராம். இது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்ப எல்லாமே பொய்தானே, சும்மா ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்." மறுபடி தடவினான். "எவ்வளவு பதமா இழைச்சிருக்கு. இது யாரு கை?"

"என்னுடையது."

மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவன் அவள் போகும்வரை காத்திருந்தான்.

"அன்னைக்கி கோஜீ இங்க வந்தப்ப நீங்க எங்க சயா இருந்தீங்க?"

"அக்கரையில். டீக்கடையில்."

தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் அடுத்த பானையை இழுத்துத் தட்டினான், கேட்டான், வலப்பக்கம் வைத்தான்.

"நல்லாத்தான் தேச்சிருக்கீங்க" என்று மூக்கை என் பக்கம் நீட்டினான். "வச்சுக்குங்க. உங்க வேலை."

திரும்பி வரும்போது படகில் ஓரமாக நின்றேன். இந்த இடத்தில் அதை ஆற்றில் எறிந்தேன் என்று எழுதினால் நன்றாக முடியும். எறியவில்லை. நாளை அந்த ஆள் வருவார், மூக்கில்லாத துப்பாக்கியைப் பார்ப்பார், வேறு மூக்கு வைத்துக்கொள்ளலாம், அந்தக் கையை மட்டும் அறிமுகப்படுத்துங்கள் என்பார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் துப்பாக்கியை மறுபடி உன் லோஞ்சியில் சுற்றுவேன். கிராம்பு புதிதாக வாங்கியிருக்கிறேன்.

நீ சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னது. அதனால்தான் நீ சொன்ன உண்மை செல்லாமல் போயிற்று. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். வேறொன்றும் இல்லை.

இரும்பு இப்போது என் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதக் குனியும்போது நெஞ்சில் படுகிறது. குத்தவில்லை. அவ்வளவு மழமழப்பாகத் தேய்த்திருக்கிறேன்.